அக்கா ஹோட்டல் சீட்டும் மெல்போர்ன் உயரமும்

1

ஊரிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து பட்டறையில் எனக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டிருக்கிறது. தைத்து முடித்த சீட் ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்து பார்க்கிறேன். முதுகைச் சாய்க்கிறேன், பாதம் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்க்கிறேன், கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று எழுந்தும் பார்க்கிறேன். எங்கள் முதலாளியம்மா எலேனி இதைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டாள். நேற்று பக்கத்தில் வந்து நின்று, ஊரில் இடுப்பு ஏதாவது பிடித்துக்கொண்டதா, டாக்டரிடம் போக லீவு வேண்டுமா என்று கேட்டேவிட்டாள். ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடிகிற சமாச்சாரமாக இருந்தால் அவளிடமே சொல்லியிருப்பேன். இது குன்னூர் சமாச்சாரம். உங்களிடம் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

முதலில் என் தொழில். ஹோட்டல்களில் கேபின் என்போமே, எதிரெதிராக இரண்டு நீளச் சீட், நடுவில் மேஜை, முதுகுக்கு உயரமான சாய்மானம். அந்தச் சீட்டுகள் கிழிந்து தொய்ந்து போனால் புதுப்பித்துக் கொடுப்பது என் வேலை. பழைய ரெக்சினை உரித்து, சிதைந்த ஃபோமை எடுத்து எறிந்து, புது ஃபோம் வைத்து, புது ரெக்சினை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் பின் அடிப்பேன். மெல்போர்னில் பீட்சா கடைகளும் மீன் வறுக்கும் கடைகளும் இருக்கிறவரை எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஊட்டி காந்தலில் பிறந்து, அங்கேயே மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள் நான். வீட்டுக்காரர் பஸ் மெக்கானிக் வேலைக்கு இங்கே வந்தபோது கூடவே வந்தேன். ஜாக்கெட் தைத்த கைக்கு சீட் ஒன்றும் பெரிய விஷயமில்லை. அது இளைக்காது, பெருக்காது, தீபாவளிக்கு முந்தின நாள் வந்து வாசலில் நிற்காது.

வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. பிளாஸ்டிக் தடை வருவதற்கு முன்னால் நீலகிரியில் நாங்கள் எதையும் பாலிதீன் சுற்றாமல் வைத்ததில்லை. மெத்தைக்குப் பாலிதீன், டிவிக்குப் பாலிதீன், பீரோவில் இருக்கும் பட்டுப் புடவைக்கும் பாலிதீன். மேகம் கேட்காமல் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போகிற ஊரில் வேறென்ன செய்வது? அந்தப் பழக்கத்தில், யாரும் சொல்லாமலேயே, ஒரு கடையின் சீட் அத்தனைக்கும் ஃபோமைப் பாலிதீனில் பொட்டலம் கட்டி, காற்றுப் போக ஒரு ஓட்டைகூட இல்லாமல் மூடித் தைத்துக் கொடுத்துவிட்டேன். சில நாளில் கடைக்காரர் போன் பண்ணினார். யார் உட்கார்ந்தாலும் சீட் சத்தம் போடுகிறதாம். எந்த மாதிரிச் சத்தம் என்று நான் எழுத வேண்டியதில்லை. காதலியைக் கூட்டிக்கொண்டு வந்த பையன்கள் முகம் சிவந்து, அப்புறம் அசையவே பயந்து, சிலை மாதிரி இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்களாம்.

எலேனி அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்கு வந்தது கோபம். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்தேன். அன்றிலிருந்து முடித்த சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதை எலேனி தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். நல்ல உயரமான பெண்மணி, அதற்கேற்ற பாரமும் உண்டு. நான் முழங்காலை ஊன்றி அமுக்கிப் பார்ப்பதோடு சரி. இத்தனை வருஷத்தில் நான் தைத்த சீட்டில் நானே உட்கார்ந்ததில்லை. அந்த ஏற்பாடுதான் இந்தத் தடவை ஊரில் என் மானத்தை வாங்கியது.

2

என் அக்கா சரசுவுக்கும் தங்கவேல் மாமாவுக்கும் குன்னூரில் ஒரு ஹோட்டல். அடுப்படி அக்காவுடையது, முன்பக்கம் மாமாவுடையது. பேருக்குத்தான் மாமா கல்லாவில் இருப்பார். முக்கால்வாசி நேரம் ஏதாவது ஒரு கேபினில், சாப்பிட வந்தவருக்கு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். டீக்கு என்று நுழைந்தவர் டிபனும் சாப்பிட்டு, பார்சலும் வாங்கிப் போவது மாமாவின் வாயால்தான். எங்கள் குடும்பத்திலேயே உயரமான ஆள். கேபினுக்கு மேலே அவர் தலை தெரிந்தால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

போன மழைக்கு வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கோயமுத்தூரில் ஆபரேஷன். நன்றாகவே தேறினார். உட்கார்ந்தே இருக்கக் கூடாது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மாமாவும் கைத்தடியோடு உற்சாகமாகக் கடைக்கு வந்தார். வந்து வழக்கமான கேபினில் உட்கார்ந்தார். அங்கேதான் வினை.

அந்தச் சீட்டுகளின் ஃபோம் அப்பளமாகிப் பல காலம் ஆகிறது. கீழே இருக்கும் பலகையும் ஈரத்தில் ஊறித் தொய்ந்துபோனது. உட்கார்ந்தால் குழியில் இறங்கின மாதிரி இருக்கும். நல்ல இடுப்பு உள்ளவர்களே மேஜையைப் பிடித்துத்தான் எழுவார்கள். மாமாவால் எழ முடியவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, முடியவில்லை என்று சொல்லவும் வாய் வராமல் அப்படியே இருந்திருக்கிறார். பிக்கட்டியிலிருந்து காய்கறி லோடு கொண்டுவரும் போஜன் அண்ணன் இதைக் கவனித்துவிட்டார். மாமாவுக்கு நெருங்கின கூட்டாளி. அவர் ஒரு பக்கமும், சாப்பிட வந்த சுற்றுலாக்காரர் ஒருவர் மறுபக்கமுமாகக் கை கொடுத்து, கேரட் மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி நிறுத்தினார்கள். கடையே சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தது. யாரோ கைதட்டினார்களாம், நல்ல எண்ணத்தில்தான். மாமா நேரே வீட்டுக்குப் போனார். அப்புறம் கடைப் பக்கம் வரவில்லை.

"காலைல பேப்பரு, மத்தியானம் டிவி, சாயங்காலமானா சன்னலு. கடைக்கு வாங்கன்னு கூப்பிட்டா, 'நாலு பேரு தூக்கி எறக்கறதுக்கு நான் என்ன சாமியா'ன்னு கேக்கறாரு" என்றாள் அக்கா போனில்.

என் அக்கா அழுது காரியம் சாதிக்கிற ரகமில்லை. அன்றைக்கும் அழவில்லை. நேராகக் கேட்டாள். "வெள்ளக்காரனுக்கெல்லாம் சீட்டு தெச்சுப் போடறயே கலா. இந்த மனுசன் தானா உக்காந்து தானா எந்திரிக்கறாப்பல ஒரு சீட்டு தெச்சுக் குடுக்க மாட்டயா?"

அப்படிக் கேட்ட பிறகு நான் இங்கே எப்படி இருப்பேன்? மூன்று வார லீவு எழுதிக் கொடுத்தேன்.

மகள் யாழினி வரவில்லை. காலேஜில் பரீட்சை, அதை விட்டால் காபிக் கடையில் பகுதிநேர வேலை, அதையும் விட்டால் அவளுக்கென்று சிநேகிதர்கள். முன்பெல்லாம் ஊருக்கு என்றால் முதல் ஆளாகப் பெட்டியை எடுப்பாள். இப்போது "போட்டோ அனுப்பும்மா" என்கிறாள். வருத்தம்தான், மறைப்பானேன். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் அவளாகவே பெரியப்பாவுக்கு வீடியோவில் போன் போட்டாள். "பெரியப்பா, நீ எப்படி இருக்கே? சாப்ட்டியா?" என்று அவள் ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டியைக்கூட வாங்க போங்க என்பார்கள். இவள் என்ன செய்வாள், பாவம். வீட்டில் நான் அவளிடம் பேசுகிற தமிழ்தான் அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ், அதில் எல்லாமே நீ, வா, போதான். திருத்துவதற்காக நான் வாயைத் திறந்தேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். ஆபரேஷன் ஆனதிலிருந்து எல்லோரும் கண்ணாடிச் சாமானைத் தொடுகிற மாதிரி மெதுவாகப் பேசுகிறார்கள், இந்தப் புள்ளைதான் அதட்டிச் சாப்பிட்டியா என்று கேட்கிறது என்று சிரித்தார். அவர் சிரித்து வெகு நாளாயிற்று என்று அக்கா அப்புறம் சொன்னாள்.

3

கோயமுத்தூர் விமான நிலையத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் பாஸ்போர்ட் ஆஸ்திரேலியா பாஸ்போர்ட். வெளிநாட்டு இந்தியர் அட்டைக்கு நான் போட்ட விண்ணப்பம், கையெழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டதால் திரும்பி வந்து கிடக்கிறது. ஆக, விமானத்தில் கூட வந்தவர்கள் எல்லாம் ஒரு வரிசையில் நிற்க, நான் மட்டும் வெளிநாட்டார் வரிசையில் ஒரு ஜெர்மன்காரருக்குப் பின்னால் நின்றேன். மூக்குத்தியும் மல்லிகைப்பூவுமாக நின்ற வெளிநாட்டுக்காரி நான் ஒருத்திதான். பூ வழியில் விமானம் மாறின சிங்கப்பூரில் வாங்கினது.

வந்த காரணம் என்ன என்று அதிகாரி கேட்டார். அக்கா ஹோட்டலில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சுற்றிப் பார்க்கத்தானே விசா, வேலைக்கு இல்லையே என்றார். வேலை என்றால் அந்த வேலை இல்லீங்க, சம்பளம் இல்லாத வேலை, மாமாவுக்கு இடுப்பில் ஆபரேஷன், சீட் குழியாகிவிட்டது என்று நான் விளக்க விளக்க, எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அவர், "குன்னூருங்களா? என்ற சம்சாரத்துக்கு கோத்தகிரிங்க" என்று சொல்லி முத்திரை குத்தினார். எல்லா வரிசையிலும் இப்படி ஒரு சம்சாரம் இருந்தால் உலகத்தில் பாதிப் பிரச்சினை தீரும்.

4

கடையை மூட அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கேபினாகக் கழற்றி, பின்கட்டுக் கொட்டகையில் போட்டு வேலை பார்த்தேன். எல்லாம் முடிந்து சூடம் காட்டாமல் புதுச் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது என்பது அக்காவின் கண்டிப்பு, அது வரை அந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. உரிக்க உரிக்க ஒரு ரெக்சினுக்கு அடியில் இன்னொரு ரெக்சின் வந்தது. பச்சைக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே பிரவுன். கிழிந்தால் பிரிக்காமல் மேலேயே ஒன்றைப் போர்த்திவிடுவது நம்மூர் வழக்கம். அதற்குள்ளிருந்து சீப்பு, கொண்டை ஊசி, பொம்மை யானை, ஒற்றைக் குழந்தை ஷூ என்று வரிசையாக வந்தன. எல்லாவற்றையும்விட அதிகம் ஸ்பூன். தட்டு கழுவ வந்தவர்கள்மேல் அக்கா இத்தனை காலமாகச் சந்தேகப்பட்ட ஸ்பூன்கள் அத்தனையும் சீட்டுக்குள்ளேயே பத்திரமாக இருந்தன. அவற்றை அக்கா கழுவி டப்பாவில் போட்டாள். முகம் கொஞ்சம் சுருங்கியது.

பலகையெல்லாம் ஈரத்தில் உளுத்துப் போயிருந்தது. அடிப்பெட்டியையே புதிதாகச் செய்யச் சொல்லி ஆசாரிக்கு அளவு எழுதிக் கொடுத்தேன். நீளம், அகலம், உயரம், சாய்மானம். டேப்பைக்கூட எடுக்கவில்லை. தினமும் எழுதுகிற அளவு, கை தானாக எழுதிவிட்டது. ஆசாரி அளவுச் சீட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு, உயரம் இதேதானுங்களா என்று கேட்டார். எத்தனை ஹோட்டலுக்குப் போட்டிருக்கிறேன் தெரியுமா என்றேன். அவர் அளவுச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மலைப்பாதையில் மண் சரிந்து ரெக்சின் லாரி மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிட்டது. கையைப் பிசைந்துகொண்டு இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். மாமா சன்னலோரம் இருந்தார். கட்டிலில் இருந்தோ உயரமான நாற்காலியில் இருந்தோ தானாகவே எழுந்தார், வாசல் வரை நடந்தார், கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் அரசியல் பேசினார். உடம்பில் ஒரு குறையும் இல்லை. கடை என்ற வார்த்தையை எடுத்தால் மட்டும் டிவியில் சத்தத்தைக் கூட்டினார். நான் வந்த காரணம் அவருக்குத் தெரியும். சீட் எப்படிப் போகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. சீட் சரியாக வந்தும் அவர் வராமல் போய்விட்டால், அக்கா அப்புறம் எதை நம்பிக் கூப்பிடுவாள்?

ரெக்சின் வந்ததும் அக்காவுக்கும் எனக்கும் பாலிதீன் சண்டை. அடியில் பாலிதீன் போடாவிட்டால் ஆடி மாதம் சீட்டைப் பிழிந்து காயப்போட வேண்டி வரும் என்றாள். நான் என் பீட்சா கடைக் கதையைச் சொன்னேன். தோசைச் சட்டுவத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தவள், சிரித்து முடித்துவிட்டு, சத்தம் வந்தால் வந்துவிட்டுப் போகிறது, பாலிதீன் போடு என்றாள். கடைசியில் பாலிதீனும் போட்டு, பின்பக்கம் காற்றுப் போகச் சின்னச் சின்ன ஓட்டையும் விட்டேன். ஃபோம் மட்டும் என் இஷ்டப்படி, அமுங்காத நல்ல கெட்டி ஃபோமாகக் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்தது. தைத்து முடித்து முழங்காலை ஊன்றி அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. இதில் உட்கார்ந்தால் யாரையும் யாரும் தூக்க வேண்டியதில்லை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கேபினும் தயாராகிவிட்டது. அக்கா சூடம் காட்டினாள், எலுமிச்சம்பழம் வைத்தாள். முதல் ஆளாக எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நாலைந்து பேர், லீவு நாள் என்று டவுனுக்கு வந்தவர்கள், புரோட்டா சாப்பிட நுழைந்தார்கள். புதுச் சீட்டைப் பார்த்து அடேங்கப்பா என்று தடவிக் கொடுத்துவிட்டு ஏறினார்கள். ஆமாம், ஏறத்தான் வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் ஒருவர் காலும் தரையைத் தொடவில்லை. தொடை மேஜையின் அடிப்பலகையில் இடித்தது, பாதங்கள் அந்தரத்தில் ஆடின. ஒருத்தியின் செருப்பு நழுவிக் கீழே விழுந்தது.

"பஸ்ஸுல டயருக்கு மேல இருக்கற சீட்டு மாதிரி இருக்குதுக்கா. டிக்கெட்டுப் போட்டுட்டீங்களா?" என்றாள் அந்தச் செருப்புக்காரி. கடை முழுக்கச் சிரித்தது.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. நான் எழுதிக் கொடுத்தது மெல்போர்ன் உயரம். எலேனி உட்கார்ந்து, சரி என்று தலையாட்டுகிற உயரம். அங்கே அவள் உட்கார்ந்தால் அந்த ஃபோம் நன்றாகவே அமுங்கும். இங்கே இந்தப் பெண்கள் உட்கார்ந்தது அதற்குத் தெரியக்கூட இல்லை. நானாவது ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நானும் அவர்களைப் போல ஐந்தடிக்காரிதானே. மெல்போர்ன் போய் ஊட்டிக்காரியாக ஒரு தப்புப் பண்ணினேன். குன்னூர் வந்து மெல்போர்ன்காரியாக இன்னொரு தப்புப் பண்ணிவிட்டேன். ஊர்விட்டு ஊர் போனவர்களின் பிழைப்பு இதுதான் போலிருக்கிறது. எந்த ஊரில் நிற்கிறோமோ அதற்கு முந்தின ஊரின் அளவு கையில் இருக்கிறது.

மத்தியானத்துக்குள் விஷயம் பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டது. சும்மா ஏறிப் பார்க்கவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். போஜன் அண்ணன் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, இங்கிருந்து பார்த்தால் பிக்கட்டி தெரிகிறது என்றார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "ஆசாரிய நாளைக்கு வரச் சொல்லு. அறுத்துக் கொறச்சுக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். என் லீவு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. மாமாவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

6

மறுநாள் காலையில் நல்ல மஞ்சு மூட்டம். எதிர்க் கடை தெரியவில்லை. ஆசாரி பின்கட்டில் ஒரு கேபினின் பெட்டியை அறுத்துக்கொண்டிருந்தார். வாசலோரக் கேபின் மட்டும் இன்னும் கழற்றாமல் அப்படியே இருந்தது. அதில் போஜன் அண்ணன் டீ சொல்லிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. முதலில் கைத்தடி இறங்கியது, அப்புறம் மாமா.

விஷயம் இதுதான். முந்தின நாள் சாயங்காலம் போஜன் அண்ணன் வீட்டுக்குப் போய், உங்கள் மச்சினி சீட்டைக் கூரைக்கு ஏற்றி வைத்திருக்கிறது, ஊரே ஏணி கேட்கிறது என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அக்கா கெஞ்சியபோது கடைக்கு வராதவர், டாக்டர் சொன்னபோது வராதவர், என்னைப் பார்த்துச் சிரிப்பதற்காக வந்துவிட்டார். உட்காருவதற்காக வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்தார்.

வாசலில் நின்று கேபினை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மிணி, இதுல ஏர்றதுக்குப் பாஸ்போர்ட் வேணுமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது, சிரிப்பும் வந்தது. கொஞ்ச நேரம் நின்றபடியே போஜன் அண்ணனிடம் பேசினார். கேரட் விலை, யானை வந்து மிதித்த தோட்டம், யாரோ ஒருவர் பேரனின் கல்யாணம். பேச்சு நீளவும் கால் கடுத்திருக்க வேண்டும். கைத்தடியை மேஜையில் சாய்த்துவிட்டு, பேசிக்கொண்டே லேசாகப் பின்னால் சாய்ந்தார். சீட்டின் வெளியோரம் அங்கேயே இருந்தது. குனியவே வேண்டியிருக்கவில்லை. அவர் உயரத்துக்குப் பாதம் இரண்டும் தரையில் பதிந்திருந்தது. தான் உட்கார்ந்துவிட்டோம் என்பதையே அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. எதிரே போஜன் அண்ணனின் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

நான் கல்லாப் பக்கம் ஒரு துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றேன். உட்காருவது யாருக்கும் முடியும், அந்தக் குழிச் சீட்டிலும் அவர் உட்காரத்தான் செய்தார். எழுவதுதான் பாக்கி. எழ முடியாமல் போனால், இந்தத் தடவை வீட்டுக்குப் போகிறவர் இனி சன்னலை விட்டு நகரவே மாட்டார். திரும்பிப் பார்த்தேன். அடுப்படிச் சன்னலில், தட்டு நீட்டுகிற அந்த இடைவெளியில், அக்காவின் முகம் தெரிந்தது. அவளும் அடுப்பை மறந்துவிட்டு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் டீ ஆற்றுகிற டம்ளர் அப்படியே நின்றது. உதவிக்குப் போகலாமா என்று கண்ணால் கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பேச்சு எங்கெங்கோ போய், அந்தக் கல்யாணத்தில் பந்தி சரியில்லை என்கிற இடத்துக்கு வந்தது. அப்போதுதான் மாமா மேஜையைப் பார்த்தார். போஜன் அண்ணனுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. டீ சொல்லி எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டார். அது ஆச்சு, பரவால்லீங்க என்றார் போஜன் அண்ணன். மாமா திரும்பாமலேயே அடுப்படிக்கு ஒரு குரல் கொடுத்தார். பதில் இல்லை. எப்படி வரும்? டீ போட வேண்டியவள் சன்னலில் சிலையாக நின்றால்?

"இவுளுக்குக் கடையப் பாக்கத் தெரியல" என்று முணுமுணுத்துக்கொண்டு மாமா எழுந்தார்.

அவ்வளவுதான். மேஜையைப் பிடிக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. எழுந்தது அவருக்கே தெரியாது. கோபத்தில் எழுந்தார். கேபின் தடுப்பில் ஒரு கை வைத்தபடி அடுப்படிக்கு நடந்தார். கைத்தடி மேஜையில் சாய்ந்தபடியே இருந்தது. போஜன் அண்ணன் வாயைத் திறந்து ஏதோ சொல்லப்போனார். நான் கையைக் கூப்பினேன். அவர் வாயை மூடிக்கொண்டார், ஆடிக்கொண்டிருந்த காலையும் நிறுத்திக்கொண்டார்.

நான் பின்னாலேயே போனேன். அக்கா அதற்குள் அடுப்புக்குத் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவசரம் அவசரமாக டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். மாமா அடுப்படி வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றி நின்றார்.

"வாசல் கேபினுக்கு டீ எங்க? ஆளு எத்தன நேரமா காத்துட்டிருக்கறாரு."

எத்தனையோ மாதமாக அந்த அடுப்படி வாசலில் அந்தக் குரல் கேட்டதில்லை. ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொள்வாள், கண்ணைத் துடைப்பாள் என்று நினைத்தேன். நானே அந்த நிலைமையில்தான் இருந்தேன். அக்கா திரும்பக்கூட இல்லை. டம்ளரை மேடையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தாள்.

"எனக்கென்ன நாலு கையா இருக்குது? ஆத்தி வெச்சிருக்குது பாருங்க, எடுத்துட்டுப் போயிக் குடுங்க."

"இதையெல்லாம் நானே பாக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே மாமா டம்ளரை எடுத்தார். ஒரு கையில் டீ, ஒரு கை தடுப்பில். மெதுவாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் முன்பக்கம் போனார். போஜன் அண்ணனுக்கு முன்னால் வைத்து, சர்க்கரை சரியா என்று கேட்கிற சத்தம் கேட்டது. பின்கட்டிலிருந்து ரம்பம் இழுக்கிற சத்தமும் வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகுதான் அக்கா என் பக்கம் திரும்பினாள். கண்ணில் இருந்தது புகையால் வந்த தண்ணீர் இல்லை, கேஸ் அடுப்பில் புகை ஏது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ஓடிப் போயி ஆசாரிகிட்டச் சொல்லு கலா. வாசல் கேபின்ல கைய வெக்க வேண்டாம்னு சொல்லு."